கரண்டைக் கழுவும் பெட்டி

7.6.2004, திங்கள்

ஒன்பது வரி எழுத உட்கார்ந்தேன். நான்காவது வரியில் என் மகன் ஞானராஜ் விளக்கை அணைத்துவிட்டான். கூடத்தில் படம் ஓடும்போது டியூப் லைட் எரியக் கூடாதாம். எரிந்தால் அவன் புதிதாக வாங்கிய ஹோம் தியேட்டரின் ஐந்து ஸ்பீக்கரும் 'ங்ங்ங்' என்று இரைகின்றன. இந்த 'ங்' தனியாக எங்கே வரும் என்று வளர்கல்வி மையத்து மணிமேகலை டீச்சரிடம் கேட்டிருந்தேன். இங்கேதான் போலிருக்கிறது.

எழுபத்தொரு வயதில் எழுதக் கற்றவனுக்கு இந்த ஒரு விளக்கில்தான் எழுத்து தெரிகிறது. மற்ற அறைகளில் குண்டு பல்பு. அதில் 'ண'வுக்கு எத்தனை சுழி போட்டேன் என்று எண்ண முடியவில்லை.

9.6.2004, புதன்

"செத்த நேரம் பொறுங்கப்பா, படம் முடியட்டும்." அந்தச் செத்த நேரம் மூன்று மணி நேரம்.

11.6.2004, வெள்ளி

ஃபேன் மாட்ட எலக்ட்ரீசியன் ஜமால் முகமது வந்தார். இரைச்சலைக் கேட்டதும், "எர்த் சரியில்ல பெரியவரே. கொல்லையில எர்த் கம்பி பொதச்ச குழி காஞ்சு கெடக்கும்" என்றார். மகனிடம் சொன்னேன். "அவருக்கு ஃபேனு மாட்டத் தெரியும்ப்பா. இது வேற" என்கிறான்.

அவனுக்கு அவன் சிநேகிதன் ராயப்பராஜ் சொல்வதுதான் வேதம். பவர் கண்டிஷனர் என்று ஒரு பெட்டி இருக்கிறதாம். அதை வைத்தால் இரைச்சல் போகும், படம் பளிச்சென்று ஆகும், டியூப் லைட்டும் எரியலாம். எரியலாம் என்றதும் நானும் "வாங்குப்பா" என்று சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையதும்தான்.

13.6.2004, ஞாயிறு

பெட்டி வந்தது. கண்டிஷனர் என்றார்களே, குளிர்ந்த காற்று வரும் என்று நாற்காலியை அதன் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். மருமகள் அன்னாள் சிரித்துவிட்டாள். "மாமா, அது கரண்டைக் கழுவுற பெட்டி!"

கரண்டில் என்ன அழுக்கு?

"மிக்சி, மோட்டாரு எல்லாம் சேந்து கரண்டைக் கலக்கி விட்டுருதுங்கய்யா. இது வடிகட்டிக் குடுக்கும்" என்றான் ராயப்பராஜ். படத்தைப் போட்டார்கள். "பாருங்க, கருப்பு எம்புட்டுக் கருப்பா இருக்கு!" பார்த்தேன். நேற்றும் கருப்பாகத்தான் இருந்தது.

டியூப் லைட்டைப் போட்டேன். ங்ங்ங்.

"புதுப் பெட்டி. பத்து நாள் ஓடினாத்தான் பழகும்" என்றான் ராயப்பராஜ்.

பழகுவதற்கு அது பெட்டியா, மாடா?

16.6.2004, புதன்

டி.வி.யில் கீழே ஓடும் செய்தியைக் காட்டி, "இப்ப எழுத்து தெளிவா இருக்குல்லப்பா?" என்று கேட்டான். "தெளிவாத்தான் இருக்கு. நிக்க மாட்டேங்குது" என்றேன். நான் முதல் சொல்லைக் கூட்டுவதற்குள் மூன்று சொல் ஓடிவிட்டது. அதை நிறுத்த ஒரு பெட்டி வந்தால் சொல்லட்டும்.

20.6.2004, ஞாயிறு

இன்று பரீட்சை. அன்னாளின் யோசனை. ஞானராஜும் ராயப்பராஜும் வெளியே நிற்க வேண்டும். அவள் ஒரு தடவை பெட்டி வழியாகவும், ஒரு தடவை நேராகச் சுவரிலும் மாற்றி மாற்றிச் சொருகுவாள். அவர்கள் உள்ளே வந்து பார்த்து, கேட்டு, எது என்று சொல்ல வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. குறித்துக்கொள்வது நான்! கட்டம் போட்டு, பெட்டி என்றால் 'பெ', இல்லை என்றால் 'இ' என்று நிதானமாக எழுதினேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

ராயப்பராஜ் பத்துக்கு நான்கு. ஞானராஜ் பத்துக்கு ஐந்து. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

ஞானராஜ் தாளை வாங்கிப் பார்த்தான். "அப்பா எழுதினதை வச்சா சொல்ற? 'பெ' போட வேண்டிய எடத்துல 'இ' போட்டிருப்பாரு. நேத்துத்தான எழுதப் படிச்சாரு" என்று அன்னாளிடம் சொன்னான். ராயப்பராஜ் சிரித்தான்.

நேத்தா? ஒன்றரை வருசம்டா. 'பெ' எங்க, 'இ' எங்க — எனக்குத் தெரியாதா? கரண்டு அழுக்கா இருக்குன்னு எவனோ சொன்னா நம்புவ. அப்பன் எழுதினா நம்ப மாட்டியா?

21.6.2004, திங்கள்

இன்று எழுதப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று எழுதியாகிவிட்டது.

24.6.2004, வியாழன்

பேனா தேடி டி.வி. மேசையின் இழுப்பறையைத் திறந்தேன். என் தாளை மடித்து வைத்திருந்தான். அதற்குள் இன்னொரு தாள், ஞானராஜின் கையெழுத்தில். பத்துக் கட்டம். 'பெ', 'இ' என்று என்னைப் போலவே குறித்திருந்தான். பக்கத்தில் ஐந்து சரி, ஐந்து தப்பு.

அன்னாளிடம் கேட்டேன். "மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தப்ப என்னைய மாத்திச் சொருகச் சொன்னாங்க மாமா. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

சொல்லவில்லை. இரண்டு தாளையும் பழையபடி மடித்து வைத்தேன்.

27.6.2004, ஞாயிறு

ஜமால் வந்தார். யார் கூப்பிட்டது என்று நானும் கேட்கவில்லை. கொல்லையில் எர்த் குழியைத் திறந்தார். உள்ளே புழுதி. உப்பும் கரியும் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். டியூப் லைட்டையும் போட்டு, படத்தையும் போட்டோம். 'ங்' இல்லை.

ஞானராஜ் உடனே ராயப்பராஜுக்குப் போன் போட்டு, "இப்பத்தாண்டா பெட்டி பழகியிருக்கு" என்கிறான். இவனை என்ன செய்வது!

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "வாரத்துக்கு ரெண்டு குடம் ஊத்தணுமாம்ப்பா. எனக்கு மறந்துரும். நீங்க தேதி போட்டு எழுதி வச்சிருங்க."

நோட்டில் தனிப் பக்கம் எடுத்து, 'எர்த் குழிக்குத் தண்ணீர்' என்று மேலே எழுதி, கீழே இன்றைய தேதியைப் போட்டேன். தோளுக்குப் பின்னால் நின்று முழுவதும் வாசித்தான். எதையும் திருத்தவில்லை.