மழையில்லாமல் நனைகிற நம் வீடு

அன்பு அப்பாவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் தாத்தா இருந்தால் அவருக்குக்கூட வேண்டாம். அவர் சித்தப்பாவுக்கும் அப்பாதானே.

நாளைக் காலையில் வருகிறார்கள், அப்பா. நீங்கள் நடையாய் நடந்து கேட்டீர்களே, பழைய கட்டடங்களைப் பார்க்கிறவர்கள், சென்னையிலிருந்து. வீடு உறுதியாக இருந்தால் பழுதுபார்க்க அரசு பணம் கொடுக்குமாம், வரியையும் குறைக்குமாம். போனில் உங்களைத்தான் கேட்டார்கள். "அவரு இல்லீங்க" என்று அம்மா சொன்னாள். வெளியே போயிருக்கிறீர்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, "வந்ததும் சொல்லிடுங்கம்மா" என்று வைத்துவிட்டார்கள். அதனால்தான் நான் சொல்கிறேன்.

நகராட்சிக்கு என்னையும் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சனங்கள் நம் கூடத்தில் படுத்தெழுந்து கிரிவலம் போகிறார்கள் என்பதற்காக, நம் வீட்டுக்கு லாட்ஜ் மாதிரி வரி போட்டிருந்தார்கள். ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை என்றீர்கள். அந்த அதிகாரி சிரித்தார்.

"பழைய வீட்டுக்கு வரி கம்மி பண்ணா, ஊர்ல எல்லாரும் வீட்டைப் பழசாக்கிடுவாங்க சார்."

"ஆக்கட்டுமே சார், இடிக்காம இருந்தா சரி. இடிச்சிட்டு லாட்ஜ் கட்றவனுக்கு பேங்க்ல லோன் கிடைக்குது. வெச்சுக் காப்பாத்தறவனுக்கு நீங்க என்ன குடுக்கறீங்க?"

அவர் பியூனைக் கூப்பிட்டார். "பாப்பாவுக்கு ஒரு டீ சொல்லுப்பா" என்று அனுப்பினார். திரும்பி வரும்போது நீங்கள் சொன்னீர்கள்: "டீ குடுத்துட்டாங்க இல்ல, அடுத்து வரியும் கம்மி பண்ணுவாங்க பாரு." நான் நம்பினேன்.

இப்போது மாடியில் தண்ணீர் ஓடுகிறது. மூன்று ராத்திரியாக, அம்மா தூங்கியதும் சித்தப்பா மோட்டாரைப் போட்டு, மாடித் தளத்தில் ஓஸ் குழாயை விட்டுவிடுகிறார். லாட்ஜ் கட்ட நம் வீட்டைக் கேட்கிறவரிடம் அவர் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "சுண்ணாம்புத் தளம், நல்லா ஊறிட்டா உள்ள கறை எறங்கிடும். பார்க்க வர்றவங்களே ஆபத்தான கட்டடம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் இடிக்கறதை யாரு தடுக்கறது?"

சித்தப்பாவை வெறுக்க எனக்கு வரவில்லை. நீங்கள் போனபிறகு இந்த வீட்டுக்கு வரி கட்டுவதும் என்னைப் படிக்கவைப்பதும் அவர்தான். "அண்ணன் இந்த வீட்டுக்காக அலைஞ்சு அலைஞ்சே போயிடுச்சு அண்ணி. நானும் அப்படிப் போகணுமா?" என்று அழுதார். அம்மாவும் அழுதாள். நான் பேசினால் அவர் எங்களை விட்டுவிட்டால்? பேசாவிட்டால் நீங்கள் அலைந்தது என்ன ஆகும்?

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஏணி வைத்து ஏறி, உள்கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பீர்கள், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. இறங்கி வந்து என் நெற்றியையும் தொடுவீர்கள். "ரெண்டும் நல்லாருக்கு" என்பீர்கள். இன்று சாயங்காலம் நானே ஏறித் தொட்டேன். சில்லென்று இருந்தது. உங்களைக் கடைசியாகத் தொட்டபோது இருந்த மாதிரி.

என் நெற்றியை இனி யார் பார்ப்பது, அப்பா?

அவர்கள் வரும்போது நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன். வயிற்று வலி என்பேன். அவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது ஒன்றே ஒன்று சொல்வேன். "சார், மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு. இந்த ஈரம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க." அவ்வளவுதான். சித்தப்பா பேரைச் சொல்லமாட்டேன். சொல்லும்போது சுவரைப் பிடித்துக்கொள்வேன். நம் சுவர்தானே. சத்தியமாகச் சொல்வேன், அப்பா.

உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிற,
உங்கள் மகள்

அப்பா, மோட்டார் நின்றுவிட்டது. மாடிப்படியில் ஈரக் காலடிச் சத்தம். கதவைத் தட்டுகிறார்.

"கண்ணு, இன்னும் தூங்கலையா?"

இருட்டில் கேட்டால் அப்படியே உங்கள் குரல்