வெங்காயப் பையில் விறகு

மச்சாள்,

இன்று காலை நம் தெருவில் ஒரு மேப்பிள் மரத்தை அரைத்தார்கள். போன கிழமை அடித்த காற்றில் முறிந்து, பக்கத்து வீட்டுப் புல்தரையில் கிடந்த மரம். நகரசபை ஆட்கள் வந்து கிளை கிளையாக வெட்டி, இரைந்துகொண்டு நின்ற இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளினார்கள். நான் குசினியில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் இடுக்கால் பச்சை மரம் பிளந்த வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுச் சட்டைக்கு மேல் உங்கள் தம்பியின் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு, செருப்போடு தெருவுக்கு ஓடினேன்.

அரைத்த சிராயை எனக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். வண்டிக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பூங்கன்றுகளுக்குப் போடவா என்றான். இல்லை, வீட்டைச் சூடாக்க என்றேன். சிரித்தான். சிரித்துக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்து, அவ்வளவையும் நம் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் கொட்டிவிட்டுப் போனான். நீங்கள் இருந்திருந்தால் இன்னொரு வண்டி கேட்டிருப்பீர்கள்.

பின்னேரம் மார்க்கம் நகரிலிருந்து சேந்தன் வந்தான். உங்கள் மருமகனுக்கு இப்போது காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. என் பிள்ளை நரைப்பதைப் பார்க்க எனக்கே நம்பமுடியவில்லை. காரைத் தெருவில் விட்டுவிட்டு வந்தவன், குவியலைக் கண்டு தலையில் கை வைத்தான்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? வெள்ளிக்கிழமை ஆக்கள் வருகினம் எண்டு சொன்னனான் எல்லோ?"

வெள்ளிக்கிழமை வருகிறவர்கள், கீழே சிராய் எரித்து வீட்டைச் சூடாக்கும் உங்கள் கொதிகலனை வெட்டித் துண்டாக்கி எடுத்துப்போக வருகிறார்கள். நீங்கள் படுக்கையில் விழுந்த வருடம் அதன் பக்கத்தில் காஸில் ஓடும் சூடாக்கி ஒன்று பூட்டினோம். அதன் பிறகு கடுங்குளிர் நாட்களில் மட்டும் நான் பழையதை மூட்டுவேன். அதை எடுத்துவிட்டு, கீழே அறைகள் கட்டி வாடகைக்கு விடவேண்டும் என்பது சேந்தனின் யோசனை. "உங்களுக்கும் அப்பாவுக்கும் வயசு போகுது. கீழ ஆராவது இருந்தாத் துணைதானே" என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்று இந்த வீட்டில் உங்களுக்குத்தான் சொல்லாமல் விளங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் அஜின்கோர்ட்டில் இருந்த அந்த நிலக்கீழ் வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள், உங்கள் தம்பி, அவரைக் கட்டிவந்த நான், கைக்குழந்தையாகச் சேந்தன். மண் மட்டத்தில் ஒரேயொரு ஜன்னல், அதையும் பனி மூடிவிடும். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்ராற் மேலே வீட்டுக்காரரின் ஹோலில் இருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. பெட்டிக்கு ஒரு பூட்டு. திறப்பு அவருடைய காற்சட்டைப் பைக்குள். அவர் வேற்று ஆளும் இல்லை, நம் ஊர்ப்பக்கத்து மனிதர்தான்.

சேந்தனுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் நீங்கள் மேலே ஏறிப் போனீர்கள். நான் பிள்ளையோடு படியடியில் நின்று கேட்டேன்.

"அண்ணை, பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு. கொஞ்சம் கூட்டி விடுங்கோவன்."

"தங்கச்சி, இது கனடா. குளிருதெண்டா ஸ்வெற்றரைப் போடுங்கோ."

அவர் பொல்லாதவர் இல்லை. இரண்டு வேலை செய்து வீட்டுக்கடன் கட்டியவர். மேலே அவர்களும் ஸ்வெற்றரோடுதான் திரிந்தார்கள். இருந்தாலும் நீங்கள் இறங்கி வந்த முகத்தை நான் மறக்கவில்லை. பிள்ளையை வாங்கி உங்கள் நெஞ்சோடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "குளிரை நான் பொறுப்பன். பூட்டைப் பொறுக்கமாட்டன்" என்றீர்கள். பிறகு அவனுக்கு முதுகு தேய்த்துவிட்டீர்கள்.

அந்த நாட்களில் உங்களுக்கு வேலை மார்க்கத்துக்கு வடக்கே, ஒரு ஒல்லாந்துக் கிழவரின் கண்ணாடிக் கூடாரத்தில். வெளியே பனி கொட்ட, உள்ளே நாற்றுகள் வளரும். வேலை முடிந்து வரும்போது உங்கள் கன்னம் சிவந்திருக்கும், தலைமயிரில் மரப்புகை மணக்கும். "இந்த நாட்டில தக்காளிக் கண்டு இருக்கிற சூட்டில நாங்கள் இல்லை" என்பீர்கள். அங்கே சூடு எப்படி வருகிறது என்று எனக்கு விளங்கப்படுத்தியதும் நீங்கள்தான். பெரிய தொட்டி நிறைய மரச்சிராய். தொட்டியின் அடியில் ஒரு திருகு மெல்ல மெல்லச் சுழன்று, சிராயைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்கு ஊட்டும். நெருப்பு தண்ணீரைச் சூடாக்கும். தண்ணீர் குழாய் வழியே ஓடி இடத்தைச் சூடாக்கும். கிழவர் தொழிலை மூடியபோது, நாற்று அறையைச் சூடாக்கிய சின்னக் கொதிகலனைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார். கூட வேலை செய்த பெண்கள் பூச்சட்டிகள் கேட்டார்கள். நீங்கள் கொதிகலனைக் கேட்டீர்கள்.

அதற்குள் நாம் மூவரும் உழைத்ததைச் சேர்த்து வோபர்னில் இந்த வீட்டை வாங்கியிருந்தோம். எண்ணெயில் ஓடிய இதன் பழைய இயந்திரம் செத்துப்போயிருந்தது. அறைக்கு அறை, சுடுதண்ணீர் ஓடுகிற இரும்பு றேடியேற்றர்கள். இந்தப் பழசை யார் வாங்குவார் என்று எல்லோரும் விட்டுப்போன வீடு. நீங்கள் அந்த றேடியேற்றர்களைத் தடவிப் பார்த்துத்தான் ஓம் என்றீர்கள்.

உங்கள் தம்பி முதலில் துள்ளினார். "அக்கா, சனம் முழுக்க பேஸ்மென்றை வாடகைக்கு விட்டுத்தான் வீட்டுக்காசு கட்டுது. நீ அதுக்குள்ள பொயிலரை வைக்கப்போறியோ?"

"ஓம். என்ர வீட்டில ஒருத்தரையும் நிலத்துக்குக் கீழ வைக்கமாட்டன். கீழ நெருப்பு இருக்கட்டும். மனிசர் மேல இருக்கட்டும்."

குழாய் பூட்ட வந்த முஸ்லிம் நானா உங்களையும் கொதிகலனையும் மாறிமாறிப் பார்த்தார். "அக்கா, ஸ்காபரோவில எத்தினை வீட்டுக்குக் குழாய் பூட்டியிருக்கன். விறகு தின்னுற வீடு இதுதான் முதல்" என்றார். ஆனாலும் அவர் பூட்டிய குழாய் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

முதல் குளிர்காலத்தில் நாம் பட்ட பாடு இருக்கிறதே! மரம் வெட்டுகிறவர்கள் பச்சைச் சிராயைக் கொண்டுவந்து வளவில் கொட்டினார்கள், கொட்ட இடம் கிடைத்ததே என்ற சந்தோசத்தில். ஊரில் மாரிமழைக்கு முன் விறகை மூடிக் கட்டிய கைகள்தானே நம்முடையவை. நீல நிறத் தறப்பாளை இழுத்து மூடி, ஓரமெல்லாம் கல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினோம். ஒரு துளி ஈரம் உள்ளே போகாது என்று நீங்கள் பெருமையாகக் கையைத் தட்டிக்கொண்டீர்கள். ஈரம் வெளியே போகவும் வழியில்லை என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை. பச்சை மரத்தைக் குவித்து மூடிக் கட்டினால் தனக்குள்ளேயே வேகும் என்று நமக்கு யார் சொன்னது? வளவு முழுக்க வெள்ளையாகப் பனி கிடக்க, தறப்பாளின் மேல் மட்டும் பனி நிற்கவில்லை. ஓரங்களால் ஆவி கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய்த் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டாள்.

தலைக்கவசம் போட்ட ஆட்கள் தறப்பாளை இழுத்ததும் வளவே தெரியாத அளவுக்கு ஆவி எழும்பியது. நெருப்பு மட்டும் இல்லை. நீங்கள் வாசலில் நின்று அவர்களுக்குத் தமிழிலேயே சொன்னீர்கள்: "நெருப்பு எனக்கு உள்ளுக்கு வேணும், தம்பி. இது வெளியில நிண்டு ஆட்டம் காட்டுது." அவர்களுக்கு என்ன விளங்கியதோ, சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஈரச் சிராயைத் தொட்டியில் போட்டோம். திருகு இறுகி நின்றது. எரிந்த கொஞ்சமும் புகைந்தது. றேடியேற்றர்கள் ஐஸ் மாதிரி. வீடு பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லோரும் ஜக்கெற்றைக் கழற்றாமலே இருந்து பலகாரம் தின்றார்கள். "ஸ்காபரோவிலேயே பெரிய ஃப்றிஜ் உங்கட வீடுதான்" என்று ஒரு அன்ரி சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் போனதும் உங்கள் தம்பி தொலைபேசியைத் தூக்கினார்.

"காணும், போதும் அக்கா. காஸ்காரனைக் கூப்பிடுறன்."

"கூப்பிடு. நான் பேஸ்மென்ற் படியில குந்தியிருப்பன். என்னைத் தூக்கி வைச்சிட்டுக் கீழ போகச் சொல்லு."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். உங்களைத் தூக்கும் தைரியம் யாருக்கு இருந்தது?

வழி குசினியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாங்கி ஆணியில் மாட்டியிருந்த சிவப்பு வலைப்பை வெங்காயம். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "உது ஏன் அழுகேல்லை?" என்றீர்கள். காற்றுப் படுகிறதே என்றேன். அவ்வளவுதான். அடுத்த நாள் அஜின்கோர்ட் தமிழ்க் கடைகளில் ஒன்று விடாமல் ஏறி இறங்கி வெறும் வெங்காயப் பை கேட்டீர்கள். நீங்கள் வெங்காய வியாபாரம் தொடங்கிவிட்டீர்கள் என்று ஊரெல்லாம் கதை பரவியது. நாம் சிராயைப் பையில் நிரப்பி, பேஸ்மென்ற் உத்தரங்களில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டோம். முதலில் உடைந்த பலகைகளை எரித்துக் கொதிகலனைச் சூடாக்கினோம். அந்தச் சூட்டில் முன்வரிசைப் பைகள் காய்ந்தன. காய்ந்ததை எரிக்க, அடுத்த வரிசை காய்ந்தது. பையைக் காதோரம் பிடித்து உலுக்கிப் பார்ப்பீர்கள். ஈரமென்றால் சத்தமே வராது. காய்ந்ததென்றால் கலகலக்கும். கலகலத்த பையை என் காதிலும் உலுக்கிக் காட்டுவீர்கள், நான் நம்பமாட்டேன் என்பது போல.

தை மாதத்தில் ஒரு நாள் வேலையால் வந்து பார்க்கிறேன், வீட்டுக்குள் வெங்காயமும் மரமும் கலந்து மணக்கிறது, ஹோல் ஜன்னல் ஆவென்று திறந்து கிடக்கிறது. வெளியே மூக்கு விறைக்கிற குளிர். நீங்கள் கை வெட்டின சட்டையோடு ஜன்னலடியில் கதிரை போட்டு இருக்கிறீர்கள். என்ன மச்சாள், விசரா என்று கத்தினேன்.

"வெக்கையாக் கிடக்கு, திறந்தனான். என்ர சூடு. நான் தெருவுக்கும் குடுப்பன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள், ஆனால் உங்கள் கண் நிறைந்திருந்தது. நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

அதன் பிறகு இந்த வீட்டுக்கு நீங்கள் ஒரு சட்டம் வைத்தீர்கள். யார் வந்தாலும் வாசலில் சப்பாத்தோடு ஸ்வெற்றரையும் கழற்றவேண்டும். பேஸ்மென்றுகளில் விறைத்துக் கிடந்த புதுக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து றேடியேற்றரடியில் இருப்பார்கள். சேந்தனின் பிறந்தநாளுக்கு அஜின்கோர்ட் வீட்டுக்காரரும் வந்தார், கழுத்துவரை கம்பளி ஸ்வெற்றரோடு. நீங்கள் கையில் தேத்தண்ணீரோடு அவர் முன்னால் போய் நின்றீர்கள். "அண்ணை, இது எங்கட வீடு. ஸ்வெற்றரைக் கழட்டுங்கோ." அவர் முழித்தார், வியர்த்தார், கடைசியில் கழற்றினார். பிறகு உரிமையோடு இரண்டாம் முறை கேக் வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசியாக உங்களை மருத்துவமனையில் பார்த்தபோது, பேசத் தெம்பில்லாமல் சுவரைக் காட்டினீர்கள். ஏதோ வலி என்று நினைத்து நான் மணியை அடிக்கப் போனேன். நீங்கள் காட்டியது தெர்மோஸ்ராற்றை. அதன்மேல் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. "பாத்தீரே, இஞ்சையும் பூட்டு" என்றீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது. எறியவில்லை. உங்கள் காலுக்கு என் சால்வையைச் சுற்றிவிட்டு இருந்தேன். அந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை, ஆற விடப்போவதும் இல்லை.

இன்று சேந்தன் என்னைச் சமாதானப்படுத்த எண்ணித் தன் தொலைபேசியைக் காட்டினான். "பழசை எடுத்தாப் பிறகு நீங்கள் ஒண்டும் தொடத் தேவையில்லை அம்மா. மார்க்கத்தில இருந்தே நான் ஃபோனில சூட்டைக் கூட்டிக் குறைப்பன். ஈஸி."

அன்பில்தான் சொன்னான். நான் அவன் கையில் இருந்ததைப் பார்த்தேன். நீங்கள் பிள்ளையை நெஞ்சோடு சுருட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளைக்கு அந்தக் குளிர் நினைவில்லை. நினைவில்லாமல் வளர்த்தது நீங்கள்தான்.

"கீழ இருக்க வாற பிள்ளையளுக்கும் நீதான் கூட்டிக் குறைப்பியோ?" என்று கேட்டேன்.

"ஓம்... அப்பிடித்தானே செய்யிறது."

நான் கீழே போனேன். நீங்கள் கடைசியாகக் கட்டித் தொங்கவிட்ட பைகள் இன்னும் மூலையில் தொங்குகின்றன. எரிக்க மனம் வராமல் இவ்வளவு காலமும் விட்டிருந்தேன். ஒன்றை அவிழ்த்துக் காதோரம் உலுக்கினேன். கலகலத்தது. எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டி நெருப்பை மூட்டினேன். நீங்கள் காய வைத்தது எரியத்தானே, பார்த்துக்கொண்டிருக்க அல்லவே. மேலே வந்து ஹோல் ஜன்னலை ஆவென்று திறந்துவிட்டேன். வெளியே உங்கள் தம்பி பச்சைச் சிராயை வெங்காயப் பைகளில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

சேந்தன் வாசலில் ஜக்கெற்றோடு நின்று வாயைத் திறந்தான். "முதல்ல அதைக் கழட்டு. மாமியின்ர சட்டம். பிறகு கதை" என்றேன். கழற்றினான். அவனிடம் அஜின்கோர்ட் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, யோசிப்போம் என்று சொல்லிப் போயிருக்கிறான். அவன் யோசிக்கட்டும். நான் யோசித்து முடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்தால் வரட்டும். பேஸ்மென்ற் படியில் நான் குந்தியிருப்பேன். என்னைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் அவர்கள் கீழே போகவேண்டும். உங்களைவிட எனக்கு உடம்பின் நிறையும் கூட, மச்சாள்.