சந்தனம் அரைத்தவள்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
26.10.1986, ஞாயிறு

அன்பு மகள் செல்வாம்பாளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் மகள் பார்வதி மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே பிரான்சில், தூலோனில் நீயும் மாப்பிள்ளை கோவிந்தராசுவும் சின்னவனும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டது, சமையலறைக் கூரை போன வருஷம் ஒழுகிய இடத்திலேயே ஒழுகுகிறது, உன் அம்மா அங்கே ஒரு குண்டானை வைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கிறாள். தீபாவளிக்குப் பார்வதிக்குப் பாவாடை தாவணி எடுத்தாயிற்று, அவள் அதை இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் மேசை இழுப்பறையில் இருந்த ஏர்மெயில் உறை ஒன்றைக் காணோம், அவள்தான் எடுத்து உனக்கு எழுதியிருக்க வேண்டும். அது முதலில் வந்து சேர்ந்தால் உட்கார்ந்து அழாமல் இதற்காகக் காத்திரு. இது முதலில் வந்தால் அதைப் பிரிக்கவே வேண்டாம்.

ஜூலை மாதம் எங்கள் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர் வந்ததைப் போன கடிதத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தேன், நீ ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. உனக்கு இங்கிலீஷ் என்றாலே நடுக்கம், இங்கிலீஷ் சொல்லித்தரும் மெஷின் என்றால் கேட்கவா வேண்டும். எட்டாம் வகுப்பில் நீ வாங்கிய பதினொரு மார்க்கை வகுப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன் என்று இன்றுவரை கோபம் வைத்திருக்கிறாய், படிக்காமல் விட்டிருந்தால் மட்டும் நீ என்ன கலெக்டர் ஆகியிருப்பாயா. இருக்கட்டும். மெஷினுக்காக என்னைப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள், அறைக்கு ஏசி போட்டார்கள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சாவி என் இடுப்பில். இங்கிலீஷ் பாடம் எல்லாம் ஒரு ஃப்ளாப்பியில் இருக்கிறது, கறுப்பு அட்டை போலச் சதுரமாக இருக்கும், அதில் நீளமாக ஒரு திறப்பு, அதன் வழியாக உள்ளே இருக்கும் பழுப்புத் தகடு தெரியும். அதைப் பெட்டிக்குள் சொருகினால் திரையில் ஒரு வாக்கியம் வரும், நடுவில் ஒரு வார்த்தை விட்டிருக்கும், பிள்ளை அந்த வார்த்தையைத் தட்ட வேண்டும். சரி என்றால் சின்னதாக ஒரு ராகம் பாடும், தப்பு என்றால் எருமை கத்துவதுபோல ஒரு சத்தம் போடும், உடனே வகுப்பே சிரிக்கும். முப்பத்தொரு வருஷம் நான் தொண்டை வற்றக் கத்திச் செய்த வேலையை அது உட்கார்ந்த இடத்தில் செய்கிறது, எனக்கும் பிரம்பு எடுக்கும் வேலை மிச்சம். வருகிற மே மாதம் எனக்கு ஓய்வு. இந்த மெஷினை ஓட்டத் தெரிந்த வேறு ஆள் இல்லாததால் இரண்டு வருஷம் நீட்டிப்பு வாங்கித் தருவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

பத்தாம் வகுப்பில் நாற்பத்தாறு பேர். மெஷினுக்கு ஐந்து பேர் வீதம் உட்காரப் பத்துப் பேரை நான்தான் பொறுக்கினேன், முதல் நாற்காலி உன் மகளுக்கு, மற்றவர்கள் பின்னால் நின்று திரையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நின்றவர்களில் ஒருத்தி கொளஞ்சி, குருசுக்குப்பத்துப் பெண், அப்பன் கடலில் போய்ச் சேர்ந்தவன், தாய் வீராயி பெரிய மார்க்கெட்டில் மீன் கூடை வைத்திருக்கிறாள். மீன் வாடைக்கு மெஷின் தும்மும், நீ தள்ளி நில் என்று முதல் நாளே சொன்னேன். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கவில்லை, அழுதிருந்தால் வாரத்தில் ஒரு நாளாவது உட்கார விட்டிருப்பேன். நின்ற இடத்திலேயே அவள் பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டாள், உன் மகள் விரலை வைத்துக்கொண்டு யோசிப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வரும். உன் மகளுக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, சிநேகம்தான் வந்தது. மத்தியானச் சோற்றை இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்களாம், இதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் அறையிலும் பூஜை வைத்தோம். புத்தகத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கிற நாம் இதை மட்டும் விடுவதா என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். அறையைக் கூட்டிச் சந்தனம் அரைக்கும் வேலை கொளஞ்சிக்கு, அரைத்தாலாவது கை மணக்கட்டும் என்றேன். பொட்டு வைக்கும் வேலை பார்வதிக்கு. ஒன்றையும் விடாமல் வை என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியரை அழைத்துவரப் போனேன். அவள் திரைக்கு வைத்தாள், எழுத்துத் தட்டும் பலகைக்கு வைத்தாள், பிறகு ஃப்ளாப்பியை உறையிலிருந்து எடுத்து அந்த நீளத் திறப்பில் தெரிந்த தகட்டின்மேலேயே சந்தனத்தைப் பட்டையாகத் தடவி நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள். பாடம் அதில்தானே இருக்கிறது, சரஸ்வதியும் அதில்தானே இருப்பாள் என்று நினைத்தாளாம். கொளஞ்சி அவள் கையைப் பிடித்து, அதுல வெக்காத பார்வதி, அங்க வெரலே படக்கூடாதுன்னு சாரு மொத நாளே சொன்னாரு என்றிருக்கிறாள். தாத்தாதான் ஒண்ணு உடாம வெக்கச் சொன்னாரு என்று உன் மகள் சொன்னதும் கையை விட்டுவிட்டாளாம். இதெல்லாம் பார்வதி பிறகு அழுதுகொண்டே என்னிடம் சொன்னது. நாற்பத்தாறு பேரில் நான் சொன்னதைக் காதில் வாங்கியவள் அந்த ஒருத்திதான் என்று கேட்டபோது எனக்கு எரிச்சலாக வந்தது.

விடுமுறை முடிந்து வந்து ஃப்ளாப்பியைச் சொருகினேன், அன்றைக்கென்று கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். பெட்டி கரகரவென்று சத்தம் போட்டது, பாடம் வரவில்லை. மெஷினில் கோளாறு என்று நினைத்து அதையே எடுத்து இரண்டாவதிலும் போட்டுப் பார்த்தேன், அதுவும் போயிற்று. மதராஸிலிருந்து வந்த ஆள் திறந்து பார்த்துக் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிக் காட்டினான், ஃப்ளாப்பி ஓடும் பாகம் இரண்டிலும் பாழ். மற்றபடி மெஷின் உயிரோடுதான் இருக்கிறது, எழுத்தைத் தட்டினால் திரையில் விழும், ஆனால் தட்டியதைச் சேர்த்துவைக்க முடியாது, சுவிட்சை அணைத்தால் அழிந்துவிடும். சர்க்கார் சொத்து, தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது, யாரையாவது காட்டியாக வேண்டும். வகுப்பை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பதை என்னிடம் விட்டார். பொட்டு வைத்தது யார் என்று கேட்டிருந்தால் உன் மகள் கையைத் தூக்கியிருப்பாள், வைக்கச் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். நான் சந்தனம் அரைத்தது யார் என்று கேட்டேன். கொளஞ்சி கையைத் தூக்கினாள். அரைத்தது அவள்தானே, இதில் நான் என்ன பொய் சொன்னேன். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றேன். அவள் பார்வதியைப் பார்த்தாள், பார்வதி என்னைப் பார்த்தாள், நான் பார்த்த பார்வையில் உன் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று சாயங்காலமே கொளஞ்சிக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அக்டோபரில் டி.சி.யோடு போகிற பெண்ணை எந்தப் பள்ளியிலும் பத்தாவதில் சேர்க்க மாட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் வீராயி மார்க்கெட்டிலிருந்து கூடையும் கையுமாக நம் வாசலுக்கு வந்துவிட்டாள். அய்யா, பொண்ணு பரிச்ச மட்டும் எழுதட்டும்யா, அப்பறம் வேணா வெரட்டி உட்டுடுங்க, அரச்சது தப்புன்னா என்ன அடிங்கய்யா என்று தெருவே கேட்கும்படி அழுதாள். காலில் விழ வந்தாள், நான் காலை இழுத்துக்கொண்டேன். உன் பெண்ணுக்கு இங்கிலீஷ் எதற்கு, இங்கிலீஷில் கூவினால் மீன் நாறாதா என்று கேட்டேன். எதிர்வீட்டில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். உன் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினாள், வீராயி அதைத் தொடாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது கனகசெட்டிக்குளத்தில் பக்கிரி என்று ஒருவனுக்கு அந்தப் பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்களாம், மூத்த தாரம் இறந்து கைக்குழந்தையோடு இருக்கிறானாம், தீபாவளி கழித்துக் கல்யாணம். பதினைந்து வயதில் படிப்புக் கவலை, பரீட்சைக் கவலை எல்லாம் தீர்ந்தது. இதைச் சொன்னதற்குத்தான் உன் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள், அன்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை கல்வித்துறையிலிருந்து ஓர் அதிகாரி சேதத்தைப் பார்க்க வந்தார். அன்று காலையில் நான் குளிக்கும்போது பார்வதி சாவியை எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள். நான் பதறிப்போய்ப் பள்ளிக்கு ஓடினால் அறை திறந்திருக்கிறது, மெஷின் போட்டிருக்கிறது, திரையில் பன்னிரண்டு வரி. எல்லாம் இங்கிலீஷ். சந்தனம் வைத்தது நான், கொளஞ்சி வேண்டாம் என்று தடுத்தாள், தாத்தா சொன்னதால்தான் வைத்தேன், இரண்டாவது மெஷினில் அதைப் போட்டது தாத்தா, கொளஞ்சி பரீட்சை எழுத வேண்டும், அவளுக்குப் பதில் என்னை அனுப்பிவிடுங்கள் என்று எழுதிக் கீழே தன் பெயரையும் போட்டிருந்தாள். பழக்கம் விடாது, நான் முதலில் பிழையைத்தான் தேடினேன். மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தேன். ஒரு பிழை இல்லை, செல்வா. முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் படித்த எந்தப் பிள்ளையும் நான் சிவப்பு மசி தொடாத பன்னிரண்டு வரி எழுதியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமையாக இருந்தது, இதை யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. வராந்தாவில் தலைமையாசிரியரும் அதிகாரியும் ஷூ கழற்றும் சத்தம் கேட்டது. சுவிட்சை அணைத்தேன். திரும்பினால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்வதி நிற்கிறாள். அதிகாரி உள்ளே வந்து இதில் ஏதாவது வருகிறதா என்று கேட்டார், ஒன்றும் வராது சார் என்றேன்.

ஆகவே நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். தாத்தா செய்தது உன் நல்லதுக்குத்தான், நடந்தது நடந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு படி என்று எழுது, உன் கையெழுத்தில் இருந்தால்தான் நம்புவாள். வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே. அவளை அங்கே லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தால் இந்த இங்கிலீஷ் மூன்று மாதத்தில் போய்விடும், நீ கெட்டதுபோல அவளும் கெட்டுப்போவாள். உன்னைத்தான் என்னால் ஆளாக்க முடியவில்லை, இவளையாவது விட்டுவை. நீட்டிப்பு உத்தரவு தையில் வரும் என்கிறார்கள், அதுவரை இந்தப் பேச்சு எங்கும் எழக் கூடாது. மாப்பிள்ளையிடமும் சொல்லாதே, அவர் நல்லவர், நல்லவர்களுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. சின்னவனுக்குக் காதை மூடித் துணி கட்டி வெளியே அனுப்பு. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், குளிர் என்று சாக்குச் சொல்லாதே. மழையில் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது, உறையை ஒட்டித் தபாலில் போட உன் அம்மாவிடம்தான் கொடுக்கிறேன், அவள் எழுத்துக்கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் இது தூலோன் வந்து சேர்ந்துவிடும். பதிலைப் பள்ளி விலாசத்துக்கு என் பெயரில் போடு, மறந்துவிடாதே. உங்கள் மூவருக்கும் எல்லா நலமும் பெருக என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு உன் அப்பா,
சி. கிருஷ்ணசாமி, ஆங்கில ஆசிரியர்.

செல்வா, அம்மா எழுதறேன். முழுசும் படிச்சிட்டேன். பாப்பாவுக்கு நீ எதுவும் எழுத வேணாம், கெளம்பி வந்து அழச்சிக்கிட்டுப் போ. அன்னிக்கி வகுப்புல அது தலயக் குனிஞ்சிதில்ல, அப்பறம் நிமுந்துடுச்சி. இன்னும் ரெண்டு வருசம் இங்க இருந்தா நிமுராது, இவரு மாதிரி ஆயிடும்.