மரப் பீரங்கி

12-2-1949, சனி

காஷ்மீர்ச் சண்டையிலிருந்து வந்த நாள்முதல் அதைப் பற்றி வாய் திறக்காத என் வீட்டுக்காரர், இன்று என்னோடு மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னார்.

“எங்க கவச வண்டியில இருந்த பீரங்கி வெறும் மரமாக்கும், ஏட்டி. நெசப் பீரங்கி வச்சா உள்ள ரேடியோவுக்கு இடம் இருக்காதுல்லா? முன்னால போய், குண்டு எங்க விழணும்னு பாத்து, பின்னால நிக்க பீரங்கிக்காரங்களுக்கு ரேடியோவுல சொல்லணும். அதுதான் எங்க வேலை.”

“எதிரி சுட்டா?”

“வண்டியப் பின்னால எடுத்துட்டு ஓடணும்.”

என் கத்தி நின்றுவிட்டது.

“நான் ஒருத்தனையும் சுடல்ல. ஆனா நான் சொன்ன எடத்துல...” என்றவர் அடுத்த கிழங்கை எடுத்தார்.

அதை உரித்து முடித்ததும், “இனி அந்த வண்டியில ஏற வேண்டாம். புதுசா வாற பட்டாளக்காரங்களுக்கு ரேடியோ படிச்சுக்குடுக்க வேலைதான்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ராத்திரி மீன்குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.