பலகையில் இல்லாத நன்கொடையாளர்

களிமண் டீச்சருக்கு,

கோபம் ஆறாவிட்டாலும் இதைப் படித்துவிடு.

நம் இலவசக் கலைப் பள்ளியைச் சொந்தக் காலில் நிறுத்த வழி கேட்டு ஆடிட்டரை அழைத்திருந்தேன். “இதுவரைக்கும் அதிகமா நன்கொடை குடுத்தது யாரு?” என்றார். வாசல் பலகையில் இருக்கும் முதல் பெயரைப் பெருமையாகக் காட்டினேன்.

வருகைப் பதிவேட்டையும் சம்பளக் கணக்கையும் புரட்டியவர், “இல்லீங்க. ஒன்பது வருஷம் சம்பளமே வாங்காம பொம்மை செய்யக் கத்துக்குடுத்தாங்களே, அந்தக் களிமண் டீச்சர்தான்” என்றார்.

மறுநாளே பலகையில் உன் பெயரை எழுதப் பெயிண்டரை வரவழைத்தேன். அவர் ஏணியில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது, நீ கேட்டது பெயரை அல்ல என்று. இறங்கச் சொல்லிவிட்டேன்.

இனி மாணவர்களிடம் கட்டணம் உண்டு. அதில் முதல் செலவு ஆசிரியர் சம்பளம். உன் வேலை உத்தரவை இத்துடன் வைத்திருக்கிறேன். தொகையை நீயே எழுது. அதிகமாக எழுதினால் பேரம் பேசுவேன்.

இப்படிக்கு,
“சேவைக்கு யாராச்சும் சம்பளம் கேப்பாங்களா?” என்று எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டவள்.