மாற்றாத வேதபகுதி

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சபையார் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தேன். காயம் துடைக்கும் மருந்தின் வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டது. ஞாயிறு பிரசங்கத்தை எழுத உட்கார்ந்தால், அந்த வாடை என்னை உன்னிடம் இழுத்துப் போகிறது.

நாம் ஒன்றாகப் படித்துப் போதகர் ஆனவர்கள். எனக்குத் திண்டிவனம், உனக்குக் கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு கிராமச் சபை. சில வருடங்களுக்கு முன் ஒரு வாரம் உன் சபைப் பையன் ஒருவனை, ஊர்த் தெருவைச் சேர்ந்த மேல்சாதிக்காரர்கள் டீக்கடையில் வைத்து அடித்துத் தலையை உடைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சமமாகப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டானாம். அந்த ஞாயிறுக்குத் திருச்சபை குறித்துத் தந்திருந்த வேதபகுதியோ பகைவரை நேசிப்பதைப் பற்றியது.

சனிக்கிழமை அவனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதே வாடையோடு உன் வீட்டுக்கு வந்ததும் நமக்குள் சண்டையே வந்துவிட்டது.

"பகுதிய மாத்திடு. இத வாசிச்சா அடிச்சவனுக்குத்தான் தோதாப் போவும்," என்றேன்.

"நமக்குப் புடிச்சதாப் பாத்துப் பொறுக்கிக்கினு இருந்தா, அது நம்ம பேச்சு. வேதம் இல்ல."

"அப்ப அந்தப் பையனோட அம்மா மூஞ்ச எப்படிப் பாப்ப?"

நீ அதே பகுதியை மறுபடி வாசிக்கத் தொடங்கினாய்.

மறுநாள் என் ஆராதனை முடிந்ததும் பைக்கில் உன் சபைக்கு வந்துசேர்ந்தேன். கோவில் நிறைந்திருந்தது. வெளியே, அடித்தவர்களின் உறவினர் இருவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நீ பகுதியை வாசித்து முடித்ததும் பையனின் தாய் எழுந்தாள்.

"ஐயா, எம்புள்ள தலையில தையல் போட்டுக்கினு கெடக்கறான். அவனுங்கள மன்னிச்சிட்டு வூட்டுல குந்திக்கினு இருன்றீங்களா?"

நீ இறங்கி வந்து அவள் எதிரில் நின்றாய்.

"இல்லம்மா. நேசிக்கச் சொன்னவரு நடந்தத மறைக்கச் சொல்லல. கம்ப்ளைண்ட் குடுப்போம், நானும் வர்றேன். ஆனா அவனுங்க அழிஞ்சி போவணும்னு என்னால வேண்டிக்க முடியாது."

பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். நீ அடித்தவர்களுக்காகவும் ஜெபித்தாய். அந்தத் தாய் ஆமென் சொல்லவில்லை. நீயும் அவளை வற்புறுத்தவில்லை. வெள்ளை அங்கியைக் கழற்றாமலே அவளோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாய். வெளியே நின்ற இருவரும் வழிவிடவில்லை. "பாத்து நடங்க பாதிரியாரே," என்றான் ஒருவன். நீ அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தாய்.

மாலைவரை காத்திருந்த பிறகுதான் புகாரை வாங்கினார்கள். வழக்கும் நடந்தது. ஆனால் அந்தப் பருவத்தில் உன் சபையாரை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க ஊர்த் தெரு நிலக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை.

"வேதத்தையும் வுடல, எங்களயும் வுடல. இப்ப வயித்துக்கு இன்னா பண்றது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நீ மறுநாளே அவர்களுக்கு வேலை கேட்டு வல்லம் பக்கம் அலையத் தொடங்கினாய்.

போன வருடம் விழுப்புரத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. அடக்கத்துக்கு அந்தத் தாய் மகனோடு வந்திருந்தாள். கடைசிவரை ஓரமாகவே நின்றாள். மண் போடும்போது மட்டும் முதல் ஆளாக முன்னே வந்தாள்.

இப்போதெல்லாம் பிரசங்கம் எழுதும்போது, இந்த வரியைச் சொல்லிவிட்டு நான் யாரோடு எங்கே போக வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொள்கிறேன். போகத் துணிவில்லாத வரியை அடித்துவிடுகிறேன். சில வாரம் காகிதத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பீடம் ஏறுகிறேன்.