கோட்டையிலிருந்து இறங்கியவள்

ரோஷ்வியே,
9 மே 1963

மதிப்பிற்குரிய அர்மான் அவர்களுக்கு,

நான் நலம். நாந்த்தில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை உங்கள் மனைவியாக எழுதவில்லை, கோட்டை விழாக் குழுவின் செயலாளராக எழுதுகிறேன்.

ஆகஸ்டில் முற்றுகை நாடகம் வருகிறது. நீங்கள் போன பிறகு ஆங்கிலேயத் தளபதி வேடத்தைக் கசாப்புக்கடை லூசியன்தான் போடுகிறான். சென்ற ஆண்டு அவன் வயிறு கவசத்துக்குள் அடங்கவில்லை. முதுகுப் பக்கம் கயிறு போட்டுக் கட்டினோம். நான் அலிக்ஸ் சீமாட்டி வேடத்தில் மதில்மேல் நின்று, "என் கணவர் வரும்வரை இந்தக் கதவு திறக்காது" என்று முழங்கிய நேரம் பார்த்துக் கயிறு அறுந்தது. பேருந்தில் வந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் பறந்துவிட்டன. அந்தக் காலத்தில் சீமாட்டி ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்து ஆங்கிலேயரிடமிருந்து காத்த கோட்டை இது. அதற்கு இந்தக் கதி.

உயரமானவர், குதிரையேறத் தெரிந்தவர், ஊர் பார்க்கத் தோற்றுப்போகத் தயங்காதவர் வேண்டும். குழு உங்கள் பெயரைச் சொன்னது. நான் மறுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒதெத்
செயலாளர்

பி.கு: சமையலறைப் புகைபோக்கி மறுபடியும் புகைகிறது. இது குழுவின் விஷயம் அல்ல.

நாந்த்,
20 மே 1963

செயலாளர் அம்மாவுக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதமோ என்று ஒரு நிமிடம் பயந்துபோனேன்.

வருகிறேன். கப்பல் பட்டறையில் விடுமுறை சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு ரெனே கேட்கிறான்: "ஏம்பா, ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிகிட்ட வீட்டுக்குள்ளதான் தோப்பாங்க. நீ லீவு போட்டு, ரயிலேறிப் போய், அதுவும் இரும்புச் சட்டை மாட்டிக்கிட்டுத் தோக்கணுமா?"

"பழகின இடம்யா" என்றேன்.

மர ஆலை மூடியதும் வேலை தேடி இங்கே வந்தபோது உன்னையும் கூப்பிட்டேன். இந்தக் கீழ்த்தள வீட்டைப் பற்றி எவ்வளவு சொன்னேன்! நீ பிறந்து வளர்ந்த கோபுரத்து வீட்டின் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் இறங்க மாட்டேன்" என்றாய். நானும், "சரி, இரு" என்று கிளம்பிவிட்டேன். இரண்டு பேருக்கும் வாய் மட்டும் குறைச்சலில்லை. அதை இப்போது கிளறவில்லை.

புகைபோக்கியில் காக்கை கூடு கட்டியிருக்கும். நீ மேலே ஏறாதே, நான் வந்து பார்க்கிறேன்.

அர்மான்

ரோஷ்வியே,
20 ஆகஸ்ட் 1963

அன்புள்ள அர்மான்,

வலி எப்படி இருக்கிறது? மருத்துவமனை சூப்பைக் குடிக்க மறுக்கிறாயாம், செவிலி சொன்னாள். குடி. ஞாயிறன்று வாத்துக்கறி கொண்டு வருகிறேன்.

நாடகத்தன்று நடந்தது உனக்குப் பாதிதான் நினைவிருக்கும். காலையில் பெய்த மழையில் அகழிப் பாலம் வழுக்கிக் கிடந்தது. நீ எவ்வளவு கம்பீரமாக வந்தாய்! நான் வசனத்தைத் தொடங்கினேன். "என் கணவர் வரும்வரை" என்று சொல்லும்போதுதான் குதிரையின் கால் சறுக்கியது. நீ அகழிக்குள் போனதைப் பார்த்தேன். கவசம் கல்லில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஜனங்கள் கைதட்டினார்கள், அர்மான். நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்.

எப்படி மதிலிலிருந்து இறங்கினேன், யார் கதவைத் திறந்தது, எதுவும் தெரியாது. பட்டு உடையோடு சேற்றில் உட்கார்ந்து உன் தலையை மடியில் வைத்திருந்தேன். நீ கண்ணைத் திறந்து, "குதிரைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றாய். அடிக்கத் தோன்றியது.

மேலே லூசியன் கத்திக்கொண்டிருந்தான்: "அடியம்மா, கோட்டையப் போட்டுட்டு சீமாட்டியே ஓடியாந்துட்டாளே! இப்ப ஜெயிச்சது யாருடா?" ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அவன்தான் உன்னைத் தூக்கி வண்டியில் போட்டான். வழியெல்லாம் அழுதான்.

காக்கைக்கூட்டை நீ எடுத்த பிறகு அடுப்பு புகைவதே இல்லை. வீடு மட்டும் என்னவோ போல இருக்கிறது.

உன்
ஒதெத்

மாவட்ட மருத்துவமனை,
30 செப்டம்பர் 1963

அன்புள்ள ஒதெத்,

நேற்று நீ போன பிறகு டாக்டர் வந்தார். உன் முன்னால் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டிருந்தேன். இடுப்பெலும்பு ஒட்டிவிட்டது. ஆனால் நேராக ஒட்டவில்லை. "ஊன்றுகோலோடு நடக்கலாம் ஐயா. மாடிப்படியை மட்டும் மறந்துடுங்க" என்றார்.

உன் கோபுரத்துக்கு அந்தச் சுழற்படி ஒன்றுதான் வழி. சின்னப் பையனைப் போல அதில் ஓடி ஏறியவன் நான். இனி முடியாது.

பட்டறையில் இரக்கப்பட்டு, கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை என்னை மருத்துவமனையிலிருந்து அனுப்புகிறார்கள். நேராக நாந்த் ரயிலில் ஏறிவிடுகிறேன். ஞாயிறன்று நீ வரவேண்டாம், ஒதெத். வந்தால் எனக்குப் போக மனம் வராது.

இந்த ஆறு ஞாயிறும் வந்தாயே, அது போதும். உனக்கு அந்தக் கோட்டை என்ன என்று எனக்குத் தெரியும். என் இடுப்புக்காக அதை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. குளிர் தொடங்கிவிட்டது. வடக்கு ஜன்னலுக்குத் துணி அடைத்துக்கொள்.

அன்புடன்,
அர்மான்

ரோஷ்வியே,
7 அக்டோபர் 1963

என் அர்மான்,

வரவேண்டாம் என்றாய், ஞாயிறன்று வரவில்லை. வேலை இருந்தது.

ஆற்றங்கரையில், துணி துவைக்கும் படித்துறைக்குப் பக்கத்தில், பீப்பாய் செய்கிறவரின் பழைய வீடு காலியாக இருந்தது. வாடகைக்கு எடுத்துவிட்டேன். வாசலில் ஒரு படிகூட இல்லை. கோபுரத்து வீட்டுச் சாவியை நகராட்சியில் கொடுத்தேன். மேயர், "நல்லா யோசிச்சீங்களா மேடம்?" என்று கேட்டார். "யோசிச்சா வேற மாதிரி ஆயிடும், வாங்கிக்கங்க" என்றேன். பகலில் மேலே போய்ப் பயணிகளுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவேன். மாலையில் இறங்கி வந்துவிடுவேன்.

லூசியனும் அவன் மைத்துனர்களும் சாமான் இறக்கினார்கள். நம் வால்நட் மர அலமாரி சுழற்படியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் அறுக்க வேண்டியதாயிற்று. ரம்பம் பட்டபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

இன்று காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். எதிரே, ஆற்றுக்கு மேலே, மூடுபனிக்குள் கோட்டை முழுசாக நின்றது. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருந்தேனா, அது இவ்வளவு அழகு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பால் பொங்கி வழிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை லூசியன் வண்டி எடுத்து வருகிறான். நானும் வருவேன். ரயிலில் ஏறித் தொலைத்துவிடாதே. அலமாரியைப் பற்றி உனக்குக் கோபம் வரும், தெரியும். வந்து திட்டு. உன் நாற்காலியை ஜன்னல் ஓரத்தில் போட்டிருக்கிறேன்.

உன்
ஒதெத்